பீலிக்கு மேலே தோண்டிய பொந்து

என் கணவர் கல்லை நக்குவார். கறிக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நுனி நாக்கால் தொட்டுவிட்டு எடுப்பதல்ல. முழு நாக்கையும் நீட்டி ஒரு பக்கத்தை நனைத்து, வெயிலுக்குத் தூக்கிப் பார்த்து, மனசு நிறையாவிட்டால் மறுபக்கத்தையும் நக்குவார். நனைந்த கல்லில்தான் நிறம் தெரியுமாம். போத்தலில் தண்ணீர் கொண்டுபோகிறோமே, அதை ஊற்றிப் பார்த்தால் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அது குடிக்கிற தண்ணீர் என்றார். மாடு படுத்த இடம், நாய் காலைத் தூக்கிய இடம், எவனோ வெற்றிலை துப்பிய இடம், எதையும் அவர் பார்ப்பதில்லை. அதே வாயால் மத்தியானம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவார்.

அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லக்கலயில் அளவைச் சங்கிலி பிடித்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. நான் மாத்தளையில் வேதியியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இல்லை. சனி, ஞாயிறுகளில் மற்றவர்கள் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவார்கள். நாங்கள் பாறை நெம்ப அலவாங்கும் சுத்தியலும் சாக்குப்பையுமாகப் போவோம். ஊரில் எங்களைப் பற்றி இரண்டு கதைகள் உலாவின. ஒன்று, நாங்கள் இரகசியமாக மாணிக்கம் தோண்டுகிறோம் என்பது. மற்றது, எங்களுக்குக் கழன்றுவிட்டது என்பது. முதலாவது கதையை நம்பி டவுனில் ஒரு மாணிக்க வியாபாரி வீட்டுக்கே வந்தார். அலுமாரியைத் திறந்து காட்டினோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சும்மா திருவானா, வெறும் படிகக் கல்லுங்க, மிஸ். பூச்சாடிக்கு அடியில போடலாம்" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டாவது கதைதான் நிலைத்தது.

வீட்டின் கதியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. குளியலறை வாளியில் கல், ஜன்னல் கட்டையில் கல், கட்டிலுக்கு அடியில் கடதாசியில் சுற்றிய கல். கல்லில் பிடித்த துருவை எடுக்க ஒக்சாலிக் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். அதற்கு அவர் என்னுடைய பழைய சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர் பின் விறாந்தையில் வாரக்கணக்கில் நிற்கும், மேலே செத்த கரப்பான் மிதக்கும். அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாணவிகளுக்கு அமிலத்தைக் கவனமாகக் கையாளச் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டில் இந்தக் கூத்து.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே ஒரு அழுக்கு எனக்குப் பிடிக்கும். வெள்ளைப் படிகக் கல் மலைக்குள் சுவர் மாதிரி ஓடும். அந்தச் சுவருக்குள் சில இடங்களில் வெற்றிடம் இருக்கும். நாங்கள் அதைப் பொந்து என்போம். பொந்துக்குள் சிவப்புக் களி நிறைந்திருக்கும். களிக்குள் கையை விட்டுத் துழாவினால் விரலில் ஒரு வழுவழுப்பான பட்டை தட்டுப்படும், பிறகு ஒரு விளிம்பு, பிறகு ஒரு கூர். அந்தக் கணத்துக்காக முழங்கை வரைக்கும் என்ன அழுக்கிலும் கையை விடுவேன். விட்டிருக்கிறேன்.

பொந்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தண்ணீர் கசிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். படிகச் சுவருக்குப் பின்னால்தான் மலையின் தண்ணீர் தேங்கி நிற்கும். பொந்து இருக்கிற இடத்தில் சுவர் இளகியிருக்கும், அங்கே கசியும். ஈரத்தைப் பின்தொடர்ந்தால் பொந்து கிடைக்கும். இதை என் கணவர் தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரிச் சொல்லிக்கொள்வார். இத்தனை வருடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு நாளாவது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை எல்கடுவப் பக்கம் போனோம். மழை விட்டு இரண்டு வாரம். பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைக்குள்ளால் ஏறினால் ஒரு பழைய தொழிலாளர் லயம், வரிசையாக ஆறு வீடு. லயத்துக்குப் பக்கத்தில் பீலி. பாறை இடுக்கிலிருந்து வருகிற ஊற்றுக்கு ஒரு குழாய் வைத்து, கீழே சீமெந்துத் தொட்டி கட்டியிருந்தார்கள். ஆறு வீட்டுக்கும் குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதுதான். நாங்கள் வியர்த்து வழிய வருவதைக் கண்டு கடைசி வீட்டு அம்மா கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். வேலைக்குப் போய் ஓய்ந்த பெண், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கணவர் மடமடவென்று குடித்தார். நான் கோப்பையின் விளிம்பைப் பார்த்தேன், தொட்டிப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். காற்று வாங்குகிற மாதிரிப் பின்பக்கம் நடந்துபோய் மானாப்புல்லுக்குள் ஊற்றிவிட்டு, வெறும் கோப்பையை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். மாத்தளையில் படிப்பிக்கிறேன் என்று சொன்னேன். எங்கே போறீங்க டீச்சர் என்று அந்த அம்மா கேட்டார். மலையைச் சும்மா பார்க்க என்றார் என் கணவர்.

பீலிக்கு மேலே ஐம்பது அறுபது அடி ஏறினால் மானாப்புல் மேடு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஓடை இறங்குகிறது. மேட்டின் உச்சியில் வெள்ளைக் கல் வெளியே தெரிந்தது. தடவிப் பார்த்தால் ஈரம். என் கணவர் நக்கினார். பிறகு அலவாங்கைப் போட்டார்.

இரண்டு மணித்தியாலம் உடைத்தோம். பொந்தின் வாயைக் களி அடைத்திருந்தது. அவருடைய கை தடிப்பு, உள்ளே போகாது. என் கை போகும். தோள் வரைக்கும் விட்டு, களியைப் பிடிபிடியாக இழுத்து வெளியே போட்டேன். கூர் தட்டுப்பட்டது. ஒரு கல் அல்ல, ஒரே அடியில் முளைத்த ஏழு. நடுவில் உள்ளது என் முழங்கை நீளம், பால் விடாத நல்ல சாயத்தேத்தண்ணி நிறம். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இடுக்கில் அலவாங்கை நெம்பி அடியோடு பெயர்த்தோம். பெயர்த்ததும் உள்ளே ஏதோ சரிந்தது. பொந்தின் அடியால் களியும் தண்ணீரும் மடமடவென்று உள்ளுக்கு இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்று, பொந்தின் வாயாலேயே தண்ணீர் கொப்பளித்து மறுபக்க ஓடைக்குள் ஓடத் தொடங்கியது. முதலில் இரத்தச் சிவப்பு, பிறகு தெளிவு.

"பாத்தீரா, கழுவித் தாறதுக்குத் தண்ணியும் தானா வருது" என்றார் என் கணவர். மாத்தளைக்கு வந்து முப்பது வருடமாகியும் அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு போகவில்லை. நாங்கள் அந்தத் தண்ணீரிலேயே கல்லைக் கழுவினோம். சிரித்துக்கொண்டே கழுவினோம். கீழே லயத்துப் பக்கம் பெண்கள் சத்தம் போடுவது கேட்டது. ஏதோ சண்டை என்று நினைத்து, எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஓடை வழியாகவே இறங்கி வேறு பாதையால் பஸ்ஸுக்குப் போனோம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். ஒரு பொந்து இருந்த சுவரில் இன்னொன்றும் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. லயத்தைத் தாண்டும்போது அதே அம்மா வாசலில் நின்றார். இந்த முறை தேத்தண்ணிக்குக் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக மன்னிப்புக் கேட்டார். தண்ணி இல்லீங்க டீச்சர், பீலி நின்னு ஒரு மாசம் என்றார். இப்போது ஆற்றுக்கு இறங்கித்தான் தூக்க வேண்டுமாம். போக அரை மணித்தியாலம், ஏற முக்கால். நான் மேட்டுப் பக்கம் பார்த்தேன். எப்படி நின்றது என்று கேட்டேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "என் மருமகதான் டீச்சர். அந்த நாள்ல பீலியில குளிக்காதடின்னா கேட்டாத்தானே. தையல் காமென்ட்ஸுக்கு வேலைக்குப் போறவ, ஒடம்பக் கழுவாமப் போக முடியாதாம். அவ குளிக்கக் குளிக்கத் தண்ணி செவப்பா வந்திச்சி. நாலு பேரு கண்ணால பாத்தோம். அன்னையோட நின்னுருச்சி."

மருமகள் வாசலுக்கு உள்ளே நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளுக்கு என்னவெல்லாம் நடந்தது என்பதை மாமியார் ஏதோ காய்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். ஆற்றில் மற்றவர்கள் எல்லாரும் எடுத்த பிறகுதான் அவள் எடுக்க வேண்டும். அவள் தூக்கி வருகிற தண்ணீரை மற்ற வீட்டில் யாரும் தொடுவதில்லை. அம்மன் திருவிழாவில் அந்த வீட்டு முறைக்குப் பால்குடம் கிடையாது என்று தோட்டத் தலைவர் சொல்லிவிட்டார். பீலிக்குத் தீட்டுக் கழிக்கப் பூசாரியைக் கூட்டி வரப் போகிறார்கள். அதுவரைக்கும் தொட்டிக்குள் படிந்து கிடக்கிற சிவப்பை யாரும் கையால் தொடுவதில்லை. மகனுக்கும் ஒரே மனக்கஷ்டம், அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறான்.

அப்போது அவள் வாய் திறந்தாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் கையிலிருந்த அலவாங்கைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கு மேல ரெண்டு பேரு தோண்டிக்கிட்டு இருந்தாங்கன்னு நான் சொன்னேன். யாரும் நம்பல."

"சும்மா இருடி" என்றார் மாமியார். தன் பிழையை மறைக்க மரியாதையான ஆட்கள் மேல் பழி போடுகிறாள் என்று என்னிடம் வருத்தப்பட்டார். ஆம்பிளைகள் ஏறிப் பார்த்தார்களாம். பொந்து இருக்கிறதுதான், ஆனால் அது மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறது, அங்கே தோண்டினால் இங்கே எப்படித் தண்ணீர் நிற்கும் என்று திரும்பி வந்துவிட்டார்களாம்.

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் இழுபட்டேன். அதுதான் உண்மை. இழுபட்டு, தலையை ஆட்டி, அனுதாபமான முகத்தோடு பாதைக்கு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் வைத்துச் சொன்னேன், திரும்பிப் போய்ச் சொல்லியே ஆக வேண்டும் என்று. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பதில் சொன்னார். "நீர் பேசாம இரும். அது பொம்பிளையளின்ர கதை. ரெண்டு மாசத்தில மறந்துபோடுவினம். பெர்மிட் இல்லாமத் தோண்டினது எண்டு ஆராவது எழுதிப் போட்டால் என்ர பென்சனும் போகும், உம்மட வேலையும் போகும்." உக்குவளையில் பஸ் நின்றபோது இறங்கி, எனக்கும் சேர்த்து இரண்டு வடை வாங்கி வந்தார். நான் எண்ணெய்க் கடதாசியைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அவர் மேல் எனக்கு இருந்த வெறுப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவர் சாப்பிடுகிற சத்தம், பல் விளக்குகிற சத்தம், செய்தி பார்க்கிறபோது காலை ஆட்டுகிற விதம், எல்லாம் அருவருப்பாக இருந்தது. ஆனால் அவர் என் வாயைப் பொத்தவில்லையே. முழங்கையைத்தானே பிடித்தார். ஏழு கூரும் அலுமாரியின் நடுத்தட்டில் நின்றன. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி கையைக் கூப்பி, சாமி மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருந்தது.

தீட்டு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எரிந்துகொண்டு வரும். உடம்பில் நடப்பது என்ன என்று வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குப் பச்சையாகவே சொல்லியிருக்கிறேன். லயத்துப் பெண்களின் அறியாமையைப் பற்றி அந்த வாரம் மனசுக்குள் பெரிய பிரசங்கமே நடத்தினேன். பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கும் மாதத்தில் அந்த நாள். சாமி அறைக்குள் போகாமல், விளக்கை அவரை ஏற்றச் சொல்லிவிட்டு வெளியே கதிரையில் உட்கார்ந்தேன். முப்பது வருடப் பழக்கம், யோசிக்காமல் செய்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. எழுந்து உள்ளே போகவும் கால் வரவில்லை. என்னை நானே அவ்வளவு கேவலமாக ஒரு நாளும் நினைத்ததில்லை.

மறுநாள் தனியாகப் போனேன். முதலில் மேட்டுக்கு ஏறினேன். பொந்துக்குப் பக்கத்தில் நான் இழுத்துப் போட்ட களி அப்படியே கிடந்தது. ஒரு பொலித்தீன் பையில் அள்ளிக்கொண்டேன். தண்ணீர் இன்னும் பொந்தின் வாயால், குடம் வைத்துப் பிடிக்க முடியாதபடி கல்லோடு ஒட்டிக் கசிந்து வந்துகொண்டுதான் இருந்தது. மறுபக்க ஓடையில் இறங்கி, பத்தடி தாண்டுமுன்னே பாறைகளுக்குள் மறைந்தது. யாருக்கும் உதவாமல் போய்க்கொண்டிருந்தது.

லயத்தில் எல்லாரையும் பீலிக்கு வரச் சொன்னேன். டீச்சர் என்றபடியால் வந்தார்கள். தோட்டத் தலைவரும் வந்தார். எட்டுப் பத்துப் பெண்கள், இரண்டு மூன்று ஆண்கள், கடைசியாக ஆற்றுக்குப் போகக் கேன்களோடு அந்த மருமகள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நாங்கள்தான் தோண்டினோம், அடைப்பை இழுத்தவள் நான், சிவப்பாக வந்தது களி, தண்ணீர் வழி மாறி அந்தப் பக்கம் போகிறது என்றேன்.

தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா, அந்தப் புள்ளையக் காப்பாத்தணும்னு டீச்சர் தன் மேல போட்டுக்கிறாங்க. எவ்வளவு பெரிய மனசு" என்றார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் செய்த அசிங்கத்தைச் சொல்லி முடிக்குமுன் அதற்கு எனக்கு மரியாதை கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு அவர்களையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். ஐயோ டீச்சர், அது வேணாம் என்று மாமியார் பதறினார். நிழல் விழுகிற மூலையில் இன்னும் ஈரம் காயாமல் கிடந்த அந்தச் சிவப்புப் படிவை இரண்டு விரலால் வழித்து என் இடது கையில் பூசினேன். பைக்குள்ளிருந்த களியைப் போத்தலில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரில் கரைத்து வலது கையில் பூசினேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றேன். ஒரே சிவப்பு, ஒரே மணல், ஒரே மினுமினுப்பு. மோந்து பாருங்கள் என்றேன். மண் மணம்தான். தலைவர் என் இடது கையிலிருந்து கொஞ்சம் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க யாரும் அந்தப் புள்ளைய ஒன்னும் சொல்லலையே" என்றார். மாமியார் தூரத்தில் மேய்ந்த கோழியை விரட்டப் போய்விட்டார். அழுத பெண் முந்தானையைச் சரிசெய்தாள். ஆண்களில் ஒருவர், அந்தக் கல் என்ன விலை போகும், இன்னும் இருக்குமா என்று கேட்டார். இரண்டு பேர் அந்தக் கேள்விக்காகவே என் பக்கம் நெருங்கி வந்தார்கள். மருமகளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மாதம் அவள் தொட்ட தண்ணீரைத் தொடாதவர்கள், ஒரு நொடியில் அதை நடக்காததாக்கிவிட்டார்கள்.

நான் அவளிடம் போனேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறாத நாக்கு அங்கே தடுமாறியது. பிழை செய்துவிட்டேன், அதைவிடப் பெரிய பிழை போன முறை பேசாமல் போனது, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவள் முழுவதும் கேட்டாள். கோபப்படவில்லை, அழவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள். "தண்ணி எப்ப வரும்?"

மேலே நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சுவர் உடைந்துவிட்டது. சீமெந்து போட்டு அடைத்தாலும் தண்ணீர் பழைய வழிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராது என்று சொல்ல வாய் எழவில்லை. தெரியாது என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு இரண்டு கேன்களையும் எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாதையில் திரும்பினாள். நான் பின்னால் ஓடி, ஒன்றை என்னிடம் தா, நான் தூக்கி வருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"கையெல்லாம் சேறா இருக்கு டீச்சர். கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கழுவுவதற்கு அங்கே தண்ணீர் இல்லை.